இந்தப் பனையை யார் நட்டது, சேர்?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் பாடசாலைக்குப் போகும் ஒழுங்கையில் ஐந்து பனைகள் தறித்துக் கிடந்தன. காணிக்காரர் எனக்குத் தெரிந்தவர். மதில் கட்டப் போகிறார். முறைப்படி அனுமதி எடுத்துத்தான் தறித்திருக்கிறார். ஆகவே இது அவரைக் குறை சொல்ல எழுதும் பதிவு அல்ல.

அன்று தரம் 8க்கு வரலாற்றுப் பாடம். பிள்ளைகள் வழியில் அந்தக் குற்றிகளில் ஏறி விளையாடிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். வகுப்பில் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், அந்தப் பனையை யார் நட்டது?"

நான் வாய் திறக்க முதல் பின்வாங்கிலிருந்து ஒரு பதில் வந்தது. "பனையை ஆரும் நடுறதில்லடா. அது தானா முளைக்கிறது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. வரலாறு படிப்பிக்கிற எனக்கே அந்தப் பிள்ளைக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பதிவு அந்தப் பதில்தான்.

*

முதலில் விதையைப் பாருங்கள்.

வேம்பின் விதையைக் காகம் கொண்டுபோய்ப் போடும். எருக்கலை விதை பஞ்சோடு காற்றில் பறக்கும். பனம்பழம் அப்படி இல்லை. ஒரு கிலோ, இரண்டு கிலோ பாரம். பழுத்தால் நேராகக் கீழே விழும். வௌவால் வந்து சதையைச் சூப்பலாம், அந்தக் கொட்டையைத் தூக்கிக்கொண்டு போக அதனால் முடியாது. மாடு வாயில் கவ்விக்கொண்டு நாலடி போகும். பெருநிலத்துக் காட்டுப் பக்கம் என்றால் யானை தின்று எங்கேயாவது போடும். நம்முடைய தீவில் இன்று யானையும் இல்லை.

அதாவது, தானாக முளைக்கிற பனை தாய்மரத்துக்குக் கீழே கூடலாகத்தான் முளைக்கும். வளவின் எல்லையில் ஒரே வரிசையில் நிற்கிற பனை அப்படி முளைத்ததல்ல. ஒரு மனிதன் குழி தோண்டிக் கொட்டையை வைத்திருக்கிறான்.

அடுத்த நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஐந்து குற்றிகளுக்கும் இடையில் கயிறு பிடித்து அளக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட ஒரே இடைவெளி. கேள்வி கேட்ட பிள்ளை கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப ஆரோ நட்டதுதான் சேர்" என்றான்.

இனி அந்த "ஆரோ" எப்படிப்பட்டவர் என்று யோசியுங்கள். பனங்கொட்டை முளைத்தால் நாலைந்து வருடத்துக்கு நிலத்தோடு ஓலை மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் வடலியாகும். பூத்துக் காய்க்க 12, 15 வருடம், சில இடங்களில் 20 வருடம்கூட ஆகும். அதுவரை அது ஆண் பனையா பெண் பனையா என்று ஒருவருக்கும் தெரியாது. நல்ல வைரமான மரம் வேண்டுமென்றால் ஐம்பது, அறுபது வருடம் காத்திருக்க வேண்டும். பனை நூறு வருடத்தைத் தாண்டியும் நிற்கும்.

ஆக, நாற்பது வயதில் ஒருவர் பனங்கொட்டை நட்டால் நுங்கு அவருடைய பிள்ளைகளுக்கு. வளையும் சிலாகையும் பேரப்பிள்ளைகளுக்கு. இது தெரிந்துதான் அவர் நட்டிருக்கிறார். பழத்தில் அவருக்குப் பங்கு இல்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். நம்முடைய மூத்தவர்கள் அதை மணலில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

*

நம்முடைய தீவில் ஊர்ப் பெயர்களையே பாருங்கள். பனங்கட்டிகொட்டு. ஓலைத்தொடுவாய். பெயரைக் கேட்டாலே பனங்கட்டியும் ஓலையும் கண்முன் வரும். பெருநிலத்துப் பக்கம் போனால் வேப்பங்குளம், பாலைக்குழி, விடத்தல்தீவு. எல்லாம் மரத்தின் பெயர்கள். எருக்கலம்பிட்டி கூட ஒரு செடியின் பெயரில் இருக்கிற ஊர்தான்.

மன்னாருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பள்ளிமுனையில் இருக்கும் பெருக்க மரத்தைப் பார்க்காமல் போவதில்லை. அராபிய வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லப்படும் மரம். 19 மீற்றருக்கு மேல் சுற்றளவு. அதன் அடியில் நின்று படம் எடுக்கிறார்கள், நல்ல விடயம். ஆனால் அந்த மரத்தைப் பார்க்க வருகிற வழியெல்லாம் நிற்கிற பனைகளை யாரும் படம் எடுப்பதில்லை. இந்தத் தீவு மனிதர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தது பெருக்கமரம் அல்ல, பனைதான்.

என் உம்மம்மா காலத்து வருடக் கணக்கு பனையின் கணக்கு.

வெயில் காலத்தில் நுங்கு. ஆடி, ஆவணியில் பழம். பழத்தைச் சுட்டும் பிசைந்தும் சாப்பிடுவது ஒன்று. களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, காயக் காய மேலே மேலே ஊற்றி எடுத்தால் பனாட்டு. பிழிந்த கொட்டையை எறிவதில்லை. மணலில் பாத்தி போட்டு அடுக்கினால் மார்கழி, தையில் பனங்கிழங்கு. கிழங்கு எடுத்த பிறகு கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், பிள்ளைகளுக்கு அதுதான் மிட்டாய். பிளந்த ஊமல் அடுப்புக்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவில் பிட்டு, கூழ். அந்தப் பிட்டை அவிப்பதற்கு நீத்துப்பெட்டி, அதுவும் பனையோலைதான். மாப் புடைக்கச் சுளகு, மண் சுமக்கக் கடகம், மீனுக்கு உமல்.

1970களின் நடுப்பகுதியில் நாட்டில் அரிசிக்கும் மாவுக்கும் பாணுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, மூத்தவர்கள் பலர் ஒடியல் பிட்டும் மீனும் தின்றுதான் தாண்டினோம் என்று சொல்வார்கள். கடையில் இல்லாத சாப்பாடு வளவில் இருந்தது.

*

மரத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது.

பனையின் வெளிப்புறம் கறுத்து இறுகிய வைரம். உள்ளே சோறு. வயது ஏற ஏற வைரம் கூடும். கறையான் எளிதில் அண்டாது, உப்புக் காற்றுக்கும் தாங்கும். அதனால்தான் வீட்டு வளை, கைமரம், சிலாகை, கிணற்றுத் துலா எல்லாம் பனையில் வந்தன. மதீனாவில் றஸூலுல்லாஹ் கட்டிய பள்ளிக்குப் பேரீச்ச மரம்தான் தூண், பேரீச்ச ஓலைதான் கூரை. நம்முடைய கரையோரத்துப் பழைய பள்ளிகளும் பனைமரத்திலும் ஓலையிலும்தான் தொடங்கின என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்குப் போனது. அந்த வியாபாரத்தில் அவர்களுக்கு நல்ல வருமானம் இருந்தது. யோசித்துப் பாருங்கள், அக்கரையிலும் பனை இருக்கிறது. இருந்தும் இக்கரை மரத்துக்கு அங்கே விலை இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் வில்லியம் பெர்குசன் என்பவர் பனையைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதி 1850 இல் வெளியிட்டார். 1859 இல் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்டும் வடபகுதி மக்கள் பனையை நம்பி வாழ்வதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். பனையின் பயன்கள் 801 என்று சொல்கிற பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று உண்டு, அதன் பெயர் தால விலாசம். அந்த 801ஐத்தான் பிறகு எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கடதாசி வர முதல் கணக்கும் வைத்தியமும் காணி உறுதியும் ஓலையில்தான் எழுதப்பட்டன. கடதாசி உறுதி வந்த பிறகும் பனை அதிலிருந்து போகவில்லை. வடக்கில் பழைய உறுதி ஒன்றைக் கையில் எடுத்தால் வீடு, வளவு, கிணற்றுப் பங்கு என்ற வரிசையில் பனையும் வடலியும் எழுதப்பட்டிருக்கும். பனை ஒரு சொத்து. சீதனத்தில் பங்கு. எல்லைக்குச் சாட்சி.

*

இந்த மரத்தில் நமக்கு மட்டும் உரிமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பனையில் ஏறிச் சீவியவர்கள் நம்முடைய தமிழ் அயலவர்கள். கள்ளு நமக்கு ஹராம், அதில் பேச்சில்லை. ஆனால் முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது புளிக்காது, இனிப்பான கருப்பணி. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சீனி வாங்க வசதியில்லாத காலத்தில் நம்முடைய வீடுகளில் தேயிலைக்குக் கடித்தது அந்தப் பனங்கட்டியைத்தான்.

ஓலையும் அவர்கள் வெட்டித் தந்தால்தான் நம்முடைய பெண்களுக்கு வேலை. எருக்கலம்பிட்டிப் பாய் என்றால் தெரியாதவர்கள் குறைவு. குருத்தோலையை வெட்டி, காயவைத்து, சீராகக் கிழித்து, சாயத்தில் அவித்து, நிறம் நிறமாகப் பின்னுகிற பாய். என் உம்மம்மா பின்னும்போது கணக்கெல்லாம் மனதில்தான் வைத்திருப்பா. எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு ஓலை பிசகினால் நாலு வரிசைக்கு அப்பால் நின்றே கண்டுபிடிப்பா. கலியாணத்துக்கு ஒரு பாய், பிள்ளை பிறந்தால் ஒரு பாய், தொழுகைக்கு ஒரு பாய்.

ஏறுகிறவர் ஒரு சமயம், பின்னுகிறவர் இன்னொரு சமயம், நடுவில் ஒரு மரம். இதை நல்லிணக்கம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஓலை வேண்டும், காசு வேண்டும். அப்படித்தான் இருந்தது.

*

1990 ஒக்டோபர் கடைசி வாரம்.

வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானவர்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். மன்னாரில் சில நாட்கள். தீவிலிருந்த நாம் பெரும்பாலும் கடல் வழியாகக் கல்பிட்டிக்குப் போனோம். எனக்கு அப்போது 11 வயது.

அன்றைய கதையை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நான் இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். வள்ளம் கரையை விட்டுத் தள்ளும்போது பெண்கள் எல்லோரும் அழுதார்கள். வாப்பா அழவில்லை. கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரம் போகப் போக வீடுகள் மறைந்தன, பள்ளி மறைந்தது. கடைசிவரை தெரிந்தது பனைதான். அதுவும் கோடு மாதிரி ஆன பிறகு வாப்பா என்னிடம் சொன்னார்:

"மகன், எங்கட எல்லையில ஏழு பனை. மூணாவது அடியிலயே வளைஞ்சது. மறந்திடாத."

கல்பிட்டியிலும் பிறகு புத்தளத்திலும் தென்னங்கிடுகுக் குடிசையில் வளர்ந்தேன். அந்த ஊர் மக்கள் நம்மை ஏற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கு அல்லாஹ் அருள் செய்யட்டும். உம்மம்மா அங்கேயும் பனையோலை தேடினா. கிடைத்தபோது விலை கொடுத்து வாங்கிப் பாய் பின்னினா. ஊரில் வளவுக்குள் நின்ற ஓலைக்கு அங்கே காசு கொடுக்க வேண்டியிருந்தது அவவுக்குப் பெரிய வெட்கம். புத்தளத்து மண்ணிலேயே மௌத்தானா.

மழையும் கறையானும் வாப்பாவின் உறுதியைத் தின்றுவிட்டன. ஆனால் ஏழு பனை என்ற கணக்கு மட்டும் எனக்குப் பாடமாக இருந்தது. அவர் அதை அடிக்கடி கேட்பார். நான் திருப்பிச் சொல்வேன். ஸூறாப் பாடம் மாதிரி.

*

யுத்தம் 2009 இல் முடிந்தது. அடுத்த வருடம் வாப்பாவும் நானும் வந்து பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். வேலி இல்லை. பக்கத்து வளவும் நம்முடைய வளவும் ஒரே பற்றை. பக்கத்தில் இன்னொரு குடும்பத்துக்கும் அதே குழப்பம், எங்கே யாருடைய காணி முடிகிறது என்று.

வாப்பா பற்றைக்குள் நடந்துபோய் ஒரு பனையில் கை வைத்தார். அடியிலேயே வளைந்த பனை. அதிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணினார். ஏழும் நின்றன. கிராம அலுவலர் முன்னிலையில் இரண்டு குடும்பமும் அந்த வரிசையை எல்லையாக ஏற்றுக்கொண்டோம். சண்டை இல்லை, வழக்கு இல்லை. அயலில் அந்த இருபது வருடமும் இருந்த ஒரு தமிழ் ஐயா சாட்சி சொன்னார். "ஓம், இது அவையின்ர பனைதான். பழத்தை நாங்கதான் பொறுக்கினம்" என்றார். அடுத்த நாள் காலை ஒரு பையில் பனாட்டு கொண்டுவந்து வாப்பாவின் கையில் கொடுத்தார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. யுத்தத்தில் பங்கருக்கென்று வடக்கு முழுக்கப் பனைகள் தறிக்கப்பட்டன. ஷெல் பட்டுத் தலை போன மொட்டைப் பனைகள் இன்றும் பல இடங்களில் நிற்கின்றன. முசலிப் பக்கத்தில் இன்னொரு விதமான சோதனை. இருபது வருடம் ஆள் இல்லாத ஊர்கள் காடாகிவிட்டன. 2012 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி நிலங்கள் வர்த்தமானியில் வன ஒதுக்கம் ஆயின. தங்கள் ஊர் என்று காட்ட மக்கள் எதைக் காட்டினார்கள்? பாழ் கிணறு, பள்ளியின் அத்திவாரம், மையவாடி, மூத்தவர்கள் நட்ட மரம். தானாக வளர்ந்த காடு அவர்களுடைய ஊரை மறைத்தது. கையால் நட்ட மரம் ஊரைக் காட்டியது.

இப்போது நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த ஏழு பனையில் இரண்டை 2014 இல் நான்தான் தறிப்பித்தேன். மதில் நேராக வர வேண்டும் என்று மேசன் சொன்னார். வாப்பா அப்போது படுக்கையில். சத்தம் கேட்டுக் கேட்டார். சொன்னேன். "எத்தனை கொட்டை வைச்ச நீ?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே அவர் மௌத்தானார்.

ஆகவேதான் மதில் கட்டுகிற சகோதரரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

*

தறிப்பதால் மனிதர்களுக்கு மட்டும்தான் நட்டம் என்று நினைக்க வேண்டாம்.

பனையோலையின் அடிப்பக்கத்தில் தன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டுகிற ஒரு சின்னப் பறவை இருக்கிறது, பனை உழவாரன். பெயரே பனையின் பெயர்தான். தூக்கணாங்குருவி ஓலை நுனியில் கூடு தொங்கவிடும், பாம்பும் பூனையும் எட்டாத உயரம். காவோலைக்குள் வௌவால் தூங்கும். மட்டை இடுக்கில் அணில், மரநாய். மொட்டைப் பனையின் பொந்தில் கிளியும் ஆந்தையும். பனையின் இடுக்கில் பறவை போட்ட ஆலம் விதை முளைத்து, பனையையே கட்டிப்பிடித்து வளர்வதையும் பார்த்திருப்பீர்கள். காய்ந்த மணல் தீவில் உயரமான பெரிய மரங்கள் குறைவு. ஒரு பனை சாய்ந்தால் இவ்வளவுக்கும் வீடு போகிறது. வங்காலையில் பூநாரை பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள், அந்தச் சரணாலயம் 2010 இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நம்முடைய ஒழுங்கைப் பனையில் இருக்கிற பறவைக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. அதற்கு நாம்தான்.

காற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, தலைமன்னாரையும் விடவில்லை. அதைக் கண்ட மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எது விழுந்தது, எது நின்றது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பனை வேர் மணலைப் பிடித்து வைத்திருக்கும். தாழ்ந்த மணல் தீவில் இருக்கிற நமக்கு இது சின்ன விடயம் அல்ல.

*

சட்டம் இல்லாமல் இல்லை. பனை அபிவிருத்திச் சபை 1978 இலேயே உருவாக்கப்பட்டது. பனை தறிக்க அனுமதி வேண்டும். அக்கரையில் தமிழ்நாட்டுக்குப் பனைதான் மாநில மரம். 2021 இல் அங்கே பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள், 76 இலட்சம் பனை விதை கொடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். கம்போடியாவுக்கு இதுதான் தேசிய மரம். எல்லாம் நல்லது. ஆனால் அனுமதிப் பத்திரம் தறிப்பதைத்தான் கட்டுப்படுத்தும். கொட்டை நடுவது நம் கைதான் செய்ய வேண்டும்.

பனைக்கு நாற்றுமேடை தேவையில்லை, பசளை தேவையில்லை, காசும் தேவையில்லை. ஆவணியில் விழுந்த பழத்தின் கொட்டையை எடுங்கள். மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே ஒரு சாண் ஆழத்தில், பத்தடிக்கு ஒன்றாக வையுங்கள். பிடுங்கி நடலாம் என்று நினைக்காதீர்கள், முளை முதலில் கீழே போய் ஆழமாக இறங்கிவிடும், பிடுங்கினால் பட்டுப்போகும். மாரி மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முதல் சில வருடம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நெருப்புக்கும் காவல் மட்டும் போதும். மதிலும் கட்டலாம், பனையும் வைக்கலாம். மதிலுக்கு இரண்டு அடி உள்ளே வையுங்கள், போதும்.

இந்த ஆவணியில் எங்கள் தரம் 8 பிள்ளைகள் பாடசாலை வேலியோரம் கொட்டை வைக்கப் போகிறார்கள். ஒவ்வொரு குழிக்கும் வைத்த பிள்ளையின் பெயரும் திகதியும் ஒரு பதிவுப் புத்தகத்தில் எழுதப்படும். அறுபது வருடம் கழித்து இன்னொரு வகுப்பில் இன்னொரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், அன்றைய ஆசிரியர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பதில் சொல்லலாம்.

நானும் என் வளவில் குழி தோண்டியாகிவிட்டது. தறித்தது இரண்டு. வைக்கப் போவது பதினான்கு. வாப்பாவின் கேள்விக்குப் பிந்திய பதில்தான், இருந்தாலும் பதில்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வளவில் நிற்கிற பனையை யார் வைத்தார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் இன்றைக்கே கேளுங்கள். தெரிந்தால் அந்தப் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், புதுக்குடியிருப்பு, உப்புக்குளம், விடத்தல்தீவு, முசலி, எந்த ஊராக இருந்தாலும். தமிழ் உறவுகளும் எழுதுங்கள், நீங்கள் ஏறிய பனையும் நாங்கள் பின்னிய ஓலையும் ஒன்றுதான். சேர்கிற பெயர்களை எல்லாம் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைப்பிக்கிறேன்.

பெயர் தெரியாமல் மண்ணுக்குள் போன அத்தனை பேருக்கும், அவர்கள் நட்ட மரத்திலிருந்து இன்று உண்கிற ஒவ்வொரு உயிரின் பெயராலும், அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக. ஆமீன்.